நீலம்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள்

ஜூன் கடைசியில் தள்ளுவண்டியில் நீலம் மாம்பழம் வந்ததுமே "சீசன் முடிஞ்சுது, இனி நீலம்தான்" என்று சலித்துக்கொள்கிறவர்கள் நம்மூரில் நிறைய. இமாம் பசந்துக்குச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, நீலத்துக்குப் பத்து ரூபாய் பேரம் பேசுவார்கள். எனக்கு இதில் ரொம்ப நாளாக வருத்தம்.

மாமரத்தோடு பெரிய தொல்லையே, ஒரு வருஷம் கொட்டிக் காய்த்துவிட்டு மறு வருஷம் சும்மா நிற்பதுதான். தசேரி, லங்ரா, அல்போன்சா எல்லாமே அந்த ஜாதி. முற்றிய கிளை நுனியில்தான் பூ வரும். காய் சுமந்து ஓய்ந்த கிளை உடனே துளிர் விடுவதில்லை. தாமதமாக விட்ட துளிர் பூக்கும் பருவத்துக்குள் முற்றுவதும் இல்லை. நீலமோ அறுவடை முடிந்த கையோடு துளிர்த்து அடுத்த பூவுக்குத் தயாராகிவிடும். உரமும் தண்ணீரும் உதவும்தான், ஆனால் அடிப்படையில் இது பிறவிக் குணம்.

பிறவிக் குணம் என்பதால்தான் அதைப் பிள்ளைக்கும் கடத்த முடிந்தது. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் தசேரியோடு நீலத்தைச் சேர்த்து 1970களில் ஆம்ரபாலியை வெளியிட்டார்கள். வருஷா வருஷம் காய்க்கும் குட்டை மரம். இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,600 கன்று வைக்கலாம். தாய் தகப்பனை மாற்றிப் போட்டதில் கிடைத்தது மல்லிகா. அதே இரண்டு ரகம்தான், ஆனால் மரமும் வேறு, பழமும் வேறு! கொங்கணத்தில் நீலத்தையும் அல்போன்சாவையும் சேர்த்து ரத்னா வந்தது. நம் பெரியகுளத்தின் பி.கே.எம். 1 ரகத்திலும் ஒரு பாதி நீலம்தான். சம்பந்தம் பேசப் போகிற இடத்திலெல்லாம் நீலத்தின் ஜாதகம்தான் முதலில் கேட்கப்படுகிறது.

குறை இல்லையா? இருக்கிறது. கொட்டைக்குள் வண்டு இருக்கும், அறுத்ததும் குழந்தைகள் அலறும். சதையும் மல்கோவா அளவுக்கு இருக்காது. ஆனால் மல்கோவா மரம் வைத்தவரிடம் போன வருஷம் எத்தனை காய் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

இப்போது புதிதாகத் தோப்பு போடுகிறவர்கள் விலையைப் பார்த்து இமாம் பசந்தாகவே நடுகிறார்கள். அது கம்மியாகக் காய்க்கும் ரகம். போதாததற்கு, பல மா ரகங்கள் தன் மகரந்தத்தில் தானே காய் பிடிக்காது. தசேரியும் லங்ராவும் அப்படித்தான். ஒரே ரகமாக நட்டுவிட்டுப் பூ உதிர்கிறதே என்று மருந்துக்கடைக்கு ஓடுவதைவிட, வரிசைக்கு நடுவே நாலு நீலமாவது வையுங்கள். மற்றது காய்க்காத வருஷத்திலும் குத்தகைக்காரர் தோப்புப் பக்கம் எட்டிப் பார்ப்பார்.