வெளிநாடு போறதுக்கு முன்னாடி லயத்திலேயே பார்க்க வேண்டியது

இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு பெண் வீட்டு வேலைக்கு வெளிநாட்டுக்குப் போகிறாள் என்றால் "புள்ளைகளை யார் பார்ப்பா" என்று எல்லோரும் கேட்பார்கள். "அக்ரிமென்டில் என்ன போட்டிருக்கு" என்று கேட்க ஒருத்தர் இருக்கமாட்டார். 2024 வர்த்தமானியில் தோட்டத்து நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதுவும் முழுப் பேர் (முழுநாள் கணக்கு) விழுந்தால்தான், பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இது தெரிந்தும் "பொம்பளை ஏன் போகணும்" என்று பேசுகிறவர்களோடு எனக்கு வாதம் இல்லை. போகிறவளைத் தயாராக அனுப்புகிறோமா என்பதுதான் என் கேள்வி.

முதல் சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா, அடையாள அட்டையில் செல்வம்மா, அப்பா பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் இல்லவே இல்லை. நம் மலைநாட்டில் இது சர்வசாதாரணம். பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும் முன்பே பிரதேச செயலகத்தில் திருத்திவிட வேண்டும். பிறகு சம்பளப் பிரச்சினையோ காப்புறுதியோ வந்தால், "இந்த ஆள் அந்த ஆள்தானா" என்பதிலேயே மாதங்கள் ஓடும்.

மெடிக்கலில் பழைய காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் தட்டிவிடுவார்கள். அந்த நோய் வந்து குணமானவர்கள் ஏஜென்சியில் முன்பணம் வாங்குவதற்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. அந்த முன்பணம் சீதனம் இல்லை. இடையில் மனம் மாறினால் "செலவு" என்று சேர்த்துத் திருப்பிக் கேட்பார்கள்.

"விசிட் விசாவில போங்க, அங்க மாத்திக்கலாம்" என்று சப் ஏஜென்ட் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். அப்படிப் போனால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு கிடையாது, காப்புறுதி கிடையாது, காட்டுவதற்கு ஒப்பந்தமும் கிடையாது. 2022இல் ஓமானில் ஆட்கடத்தலில் சிக்கிய நம் நாட்டுப் பெண்களில் பலர் இந்த வழியில் போனவர்கள்தான்.

குவைத்தில் வீட்டுப் பணியாளருக்கென்று 2015இலேயே தனிச் சட்டம் (68ஆம் இலக்கம்) வந்துவிட்டது. நாளுக்குக் கூடினது 12 மணித்தியாலம் வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது. ஒப்பந்தம் முடிந்து வரும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் சேவைக்காலக் கொடுப்பனவு. 2016இல் அடிமட்டச் சம்பளம் 60 தினார் என்று வைத்தார்கள். அந்தக் கணக்கில் 2 வருடத்துக்கு 120 தினார் தனியாக வரவேண்டும். கேட்காமலேயே விமானம் ஏறுகிறவர்கள்தான் அதிகம். இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

சட்டம் இருந்தும் பாஸ்போர்ட் முதலாளியின் அலுமாரிக்குத்தான் போகும். அதனால் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வீட்டாரின் வாட்ஸ்அப்பில் வைத்திருங்கள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே வீட்டு விலாசம் வர வேண்டும்: பகுதி, புளொக், தெரு, வீட்டு இலக்கம். "குவைத் சிட்டியில ஒரு பெரிய வீடு" என்பதை வைத்துத் தூதரகம் யாரைத் தேடும்? போனையும் பறிக்கலாம். ஆகவே வீட்டு நம்பரையும் தூதரகத் தொழில் பிரிவின் நம்பரையும் ஒரு துணித்துண்டில் அழியாத பேனாவால் எழுதி, சட்டையின் உள்மடிப்பில் தைத்துவிடுங்கள். இங்கிருந்து முறைப்பாடு செய்ய பணியகத்தின் இலக்கம் 1989.

சவூதியில் இன்னொன்று. அடி தாங்காமல் வெளியேறினால் முதலாளி "ஹுரூப்" போடுவார், ஓடிப்போனவள் என்று அர்த்தம். அது விழுந்தபின் ஊர் திரும்புவதே கஷ்டம். வெளியேறத்தான் வேண்டுமென்றால் நேராகத் தூதரகத்துக்குப் போக வேண்டும். தெரிந்த அக்கா வீட்டில் ஒளிந்து வேலை செய்யப் போனால் முறைப்பாட்டில் நம் பக்கம் பலவீனமாகிவிடும்.

பணத்துக்கு இரண்டு கணக்கு: ஒன்று வீட்டுச் செலவுக்கு, மற்றது அவள் பெயரில் மட்டும். ஏடிஎம் அட்டையையும் பின் நம்பரையும் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போனால் அது அவள் கணக்கே இல்லை. இதைச் சொன்னால் குடும்பத்தைப் பிரிக்கிறோம் என்பார்கள், சொல்லட்டும்.

கடைசியாகக் காம்பரா, அதாவது தோட்டம் கொடுத்திருக்கும் லய வீடு. வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் பேர் போடாத (வேலைக்குப் பதியாத) நிலையில் அவள் பேரையும் வெட்டிவிட்டுப் போனால், காம்பராவைக் கேட்கிற தோட்டங்கள் உண்டு. பேர் வெட்டுமுன் குடும்பத்தில் இன்னொருத்தர் பேரை செக்ரோலில் (தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில்) ஏற்ற முடியுமா என்று தொழிற்சங்கத் தலைவரோடு போய் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். சேமலாப நிதி இலக்கத்தையும் கடைசிச் சம்பளத் துண்டையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள்.