கொல்லன் தெருவுல ஊசி விக்காதீங்க

ஊர்க்காரங்க கொடுத்த பணத்தைச் சேர்த்து வச்சு உள்ளூர் வேலைகளுக்குக் கொடுக்கற அமைப்புதான் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன். அது தர்ற கிராண்டுக்கு, அதாவது உதவித்தொகைக்கு, வர்ற அப்ளிகேஷன்ல முக்கால்வாசி ஒரே மாதிரிதான் ஆரம்பிக்குது. "எங்கள் பகுதியில் வறுமை தாண்டவமாடுகிறது, இளைஞர்கள் வழிதவறிப் போகிறார்கள், முதியோர் தனிமையில் வாடுகிறார்கள்"னு ஒன்றரைப் பக்கம் ஓடும், அப்புறம் நாங்க என்ன செய்யப் போறோம்ங்கறது நாலே வரியில முடிஞ்சிடும். சின்னக் குழுக்களுக்கு அப்ளிகேஷன் எழுத உதவி பண்ணியிருக்கேன், அந்தப் பக்கம் கமிட்டியில உக்காந்து படிச்சு மார்க்கும் போட்டிருக்கேன், அதனால கொஞ்சம் உரிமையோடவே சொல்றேன். அந்த ஒன்றரைப் பக்கத்தை யாரும் படிக்கிறதில்ல. கண்ணு தானா தாண்டிப் போயிடும்.

ஏன்னா படிக்கிறவங்க அதே ஊர்க்காரங்க. ஓய்வு பெற்ற டீச்சர், கடை வச்சிருக்கறவர், ஒரு வக்கீல், ஏற்கனவே கிராண்ட் வாங்கி வேலை செஞ்ச யாராவது ஒருத்தர். எந்தத் தெருவுல என்ன பிரச்சனைன்னு அவங்களுக்கு உங்களை விடவே நல்லாத் தெரியலாம். அவங்ககிட்ட போய் அவங்க ஊரோட கஷ்டத்தை விளக்கறது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதை. அவங்களுக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான், அது நீங்க. நீங்க யாரு, யார் கதவைத் திறப்பா, எத்தனை பேர் வருவாங்க, நீங்க பாதியில விட்டுட்டுப் போனா யார் பாத்துக்குவா.

இந்த உள்ளூர் சமாச்சாரம் தற்செயலா வந்தது இல்ல, இந்த அமைப்பே அதுக்காகத்தான் உருவாச்சு. 1914-ல அமெரிக்காவுல கிளீவ்லேண்ட் நகரத்துல ஃபிரெடரிக் காஃப்னு ஒரு வங்கித் தலைவர் ஆரம்பிச்சதுதான் உலகத்தோட முதல் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன். பணக்காரங்க உயில்ல "இந்தப் பணம் இன்ன காரியத்துக்கு மட்டும்தான்"னு எழுதி வச்சிட்டுப் போயிடுவாங்க, காலம் மாறி அந்தக் காரியத்துக்கே தேவை இல்லாமப் போனாலும் பணத்தைத் தொட முடியாது. அதுக்கு அவர் சொன்ன வழி, எல்லார் பணத்தையும் ஒரே இடத்துல சேர்த்து வைப்போம், அந்தந்தக் காலத்துல ஊருக்கு என்ன தேவைன்னு ஊர்க்காரங்க கமிட்டி முடிவு பண்ணட்டும்னு. கனடாவுல முதல்ல வந்தது 1921-ல வின்னிபெக் ஃபவுண்டேஷன், அலோவேன்னு ஒரு வங்கிக்காரர் ஒரு லட்சம் டாலர் போட்டு ஆரம்பிச்சார். கொஞ்ச வருஷம் கழிச்சு அங்க வந்த அடுத்த நன்கொடை பேர் போடாத ஒரு கவர், உள்ள மூணு அஞ்சு டாலர் தங்கக் காசு, அவ்வளவுதான். நீங்க கேக்கற பணத்துக்குள்ள அந்த மாதிரிக் காசும் கலந்திருக்கும்கிறதை கமிட்டியில இருக்கறவங்க மறக்கறதில்ல, அதனாலதான் சின்னத் தொகைக்குக் கூட அவ்வளவு நோண்டி நோண்டிக் கேப்பாங்க.

இன்னொரு பெரிய தப்புக் கணக்கு இருக்கு. ஃபவுண்டேஷனோட மொத்த சொத்து எவ்வளவுன்னு வெப்சைட்ல பாத்துட்டு, இவ்வளவு வச்சிருக்காங்க நமக்குக் கொஞ்சம் தரக் கூடாதான்னு நினைக்கறது. அந்தப் பணத்துல பெரும்பகுதி முதலீட்டுல கிடக்கும், அதைத் தொட மாட்டாங்க, வருஷத்துக்கு நாலஞ்சு சதவீதம் மாதிரிதான் வெளிய எடுப்பாங்க. அதுலயும் கொஞ்சம் ஸ்காலர்ஷிப்புக்குன்னு போயிடும், கொஞ்சம் கொடுத்தவங்க ஏற்கனவே பேர் சொல்லி வச்ச அமைப்புக்குப் போயிடும். இது போக டோனரே எங்க கொடுக்கலாம்னு யோசனை சொல்ற ஃபண்ட் இருக்கு, அதுக்கு நீங்க அப்ளையே பண்ண முடியாது (1931-லேயே நியூயார்க்ல ஆரம்பிச்ச ஏற்பாடு இது, இப்போ பல இடத்துல இதுதான் பெரிய பங்கு). நமக்குன்னு திறந்திருக்கறது மிச்சம் இருக்கற சின்னக் கதவுதான். அதுவும் சிலது குழந்தைகளுக்கு மட்டும், சிலது சுற்றுச்சூழலுக்கு மட்டும், சிலது குறிப்பிட்ட ஒரு ஏரியாவுக்கு மட்டும்.

அதனால எழுத உக்கார்றதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க. கிராண்ட் பாத்துக்கற ஆபீசர்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்க வேலையே இதுதான், தொந்தரவு ஒண்ணும் இல்ல. "நாங்க இதைச் செய்யப் போறோம், இது உங்க எந்த ஃபண்டுல பொருந்தும், வழக்கமா எவ்வளவு கொடுப்பீங்க"ன்னு கேளுங்க. பொருந்தாதுன்னா அப்பவே சொல்லிடுவாங்க, உங்க ரெண்டு வாரம் மிச்சம். நம்ம ஆளுங்க மட்டும் என்னமோ போன் பண்ணா மார்க் குறைஞ்சிடும்ங்கற மாதிரி பயப்படறாங்க, ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

அடுத்தது பட்ஜெட். என்னைக் கேட்டா முதல்ல பட்ஜெட் போடுங்க, கதையெல்லாம் அப்புறம். ஒரு கூட்டத்துல பள்ளிக்கூடம் முடிஞ்சு பிள்ளைங்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தறோம்னு ரெண்டு அப்ளிகேஷன் வந்துச்சு. ஒண்ணுல "நிகழ்ச்சிச் செலவு, நிர்வாகச் செலவு, இதரச் செலவு"ன்னு மூணு வரி, எல்லாமே முழு எண்கள், சைபர் சைபரா. இன்னொண்ணுல ஹால் வாடகை வாரம் ரெண்டு நாள், ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம். வகுப்பு முடிஞ்சு கூட்டிப் பெருக்கிப் பூட்டிச் சாவியை ஒப்படைக்கறதுக்கு அரை மணி நேரம் தனி. இன்சூரன்ஸ், பிரிண்டர் மை, சக்கர நாற்காலியில வர்ற ஒரு பிள்ளைக்கு வண்டி. வாலண்டியர்கள் எத்தனை மணி நேரம் சும்மா வேலை செய்றாங்கன்னு பக்கத்துலயே தனியா ஒரு கட்டம். அந்த அரை மணி நேரப் பூட்டுற கணக்கைப் பாத்ததும் மேஜையில இருந்த எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு, இவங்க ஏற்கனவே இதைச் செஞ்சிட்டிருக்காங்கன்னு. அந்த அப்ளிகேஷன்ல தமிழோ இங்கிலீஷோ அலங்காரம் ஒண்ணும் இல்ல, எழுத்துப் பிழை கூட இருந்துச்சு. பணம் அவங்களுக்குத்தான் போச்சு.

ரிஜிஸ்ட்ரேஷன் இல்லையேன்னு சிலர் ஆரம்பத்துலயே பின்வாங்கிடறாங்க. இது நாட்டுக்கு நாடு, ஃபவுண்டேஷனுக்கு ஃபவுண்டேஷன் மாறும். பதிவு பண்ணின அமைப்பு ஒண்ணு உங்களுக்காகப் பணத்தை வாங்கி கணக்கு வச்சுக் கொடுக்கற ஏற்பாட்டைப் பல இடத்துல ஏத்துக்கறாங்க. சில இடத்துல எழுதி வச்ச விதிமுறையும், குழு பேர்ல வங்கிக் கணக்கும், சொந்தக்காரங்களா இல்லாத ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தாலே போதும். புருஷனும் பொண்டாட்டியும் தலைவர் பொருளாளரா இருந்தா அங்கயே அடிபட்டுப் போகும், அவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும்.

ஃபவுண்டேஷன்காரங்க மேலயும் எனக்குக் கோவம் உண்டு. கொடுக்கறது சின்னத் தொகை, ஃபாரம் மட்டும் பெரிய கிராண்டுக்குக் கேக்கற அதே ஃபாரம். அது போக எப்பப் பாத்தாலும் "புதுமையான திட்டம்" வேணும்பாங்க. ஓடிக்கிட்டிருக்கற வகுப்புக்கு வாடகை கட்ட வழியில்லாம இருக்கறவங்க, அதுக்குப் புதுப் பேர் வச்சு, லோகோ போட்டு, புதுசு மாதிரி காட்ட வேண்டியிருக்கு. இந்த நாடகத்தை நடத்தச் சொல்றது அவங்கதான், நடிக்கறவங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. 2020-ல கொரோனா வந்தப்போ எத்தனையோ ஃபவுண்டேஷன்கள் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, வாடகையோ சம்பளமோ எதுக்கு வேணா செலவு பண்ணிக்கோங்கன்னு விட்டாங்க. அப்ப முடிஞ்சது இப்ப ஏன் முடியலைன்னு கமிட்டியில கேட்டேன், தலையாட்டினாங்க, அடுத்த வருஷமும் அதே ஃபாரம்தான் வந்துச்சு.

கிடைக்கலைன்னா விட்டுடாதீங்க, ஏன் கிடைக்கலைன்னு எழுதிக் கேளுங்க, நிறைய பேர் கேக்கறதே இல்ல. "திட்டம் நல்லாத்தான் இருந்துச்சு, இந்தச் சுற்றுல பணம் தீர்ந்துடுச்சு"ன்னு பதில் வந்தா அதே அப்ளிகேஷனைத் தேதி, பட்ஜெட் மட்டும் சரிபண்ணி அடுத்த சுற்றுல போடுங்க. "எங்க நோக்கத்துக்குப் பொருந்தல"ன்னு வந்தா அந்த ஃபண்டை விட்டுட்டு வேற இடம் பாருங்க, அவங்களுக்காக உங்க வகுப்பைத் தூக்கிட்டு மரம் நடக் கிளம்பிடாதீங்க.