நிலத்தடியில் சேமித்த கரியமில வாயு நயோஸ் ஏரிபோல் வெடிக்குமா?

கனடாவின் பவுண்டரி டேம் அனல்மின் நிலையத்தில் பிடிக்கும் கரியமில வாயு "பூமிக்குள் பலூன்போல் நிரம்பியுள்ளது, 1986-இல் கேமரூனின் நயோஸ் ஏரியில் நடந்ததுபோல் ஒருநாள் வெடிக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

நயோஸில் 1,700-க்கும் அதிகமானோர் இறந்தது உண்மை. ஆனால் அங்கே எரிமலையிலிருந்து வந்த கரியமில வாயு, திறந்த ஏரியின் அடிநீரில் கரைந்திருந்தது. நீர் புரண்டதும் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் ஒரேயடியாகப் பொங்கியது.

பவுண்டரி டேமில் 2014 முதல் புகையை, கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலில் கழுவி, பிறகு சூடாக்கி வாயுவைப் பிரிக்கிறார்கள். பெரும்பகுதி வேபர்ன் எண்ணெய் வயலுக்குப் போகிறது. மீதி அக்விஸ்டோர் என்ற நிலத்தடிச் சேமிப்புத் தளத்தில் சுமார் 3.4 கிலோமீட்டர் ஆழத்து உவர்நீர் மணற்பாறைக்குள் இறங்குகிறது. அங்கே வெற்றிடக் குகை கிடையாது. மணல் துகள்களுக்கு இடையே உள்ள நுண்துளைகள்தான். அந்த அழுத்தத்தில் வாயு திரவம்போல் அடர்ந்துவிடும். மேலே வாயு புகாத பாறை மூடியிருக்கும். சரியாகத் தேர்ந்த இடங்களில் 100 ஆண்டுகளுக்குப் பிறகும் 99 சதவீதத்துக்கு மேல் தங்கியிருப்பது பெரும்பாலும் உறுதி என ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2005 சிறப்பறிக்கை சொல்கிறது.

ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். சரியாக அடைக்காத பழைய கிணறுகள் ஒன்று, குழாய்ப்பாதை இன்னொன்று. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் சட்டார்ஷியாவில் மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. காற்றைவிடக் கனமான வாயு தாழ்வான பகுதியில் தேங்கி, 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்நாட்டுக் குழாய்ப்பாதைப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை அறிக்கை இணையத்தில் உள்ளது. கேள்வி கேட்க வேண்டியது இந்தக் கிணறுகளையும் குழாய்களையும் பற்றித்தான். பலூன் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.