நியூட்ரல் போட்டால் மிச்சமா, அண்ணாச்சி?

நேற்று ஊர்க் குழுவில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் கோட்டைவாசலிலிருந்து கீழே புளியரை வரை காரை நியூட்ரலில், அதாவது கியரை விடுவித்து, உருட்டிக்கொண்டு வந்து, பெட்ரோல் செலவில்லாமல் மலை இறங்கியதாக அண்ணாச்சி வீடியோ போட்டார். அது மிச்சமில்லை, செலவு என்று நான் ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அதற்குத்தான் அத்தனை சிரிப்புப் பொம்மைகள். ‘இன்ஜினியர் சொல்லிட்டாருப்பா’ என்று ஒரு குத்தல் வேறு. நான் இன்ஜினியர் இல்லை. செங்கோட்டையிலிருந்து தினமும் தென்மலைக்கு வேலைக்குப் போய் வருகிறவன். பெட்ரோல் காசு என் சட்டைப்பையிலிருந்து போகிறது.

திரும்பவும் சொல்கிறேன். இப்போதைய இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிற) வண்டியில் கியரில் இருந்தபடியே ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால், சக்கரமே இன்ஜினைச் சுற்றிவிடும். இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும். நியூட்ரல் போட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க பெட்ரோல் குடிக்கும். போதாததற்கு, மொத்த எடையையும் பிரேக் ஒன்றே தாங்கவேண்டும்.

“எங்க காலத்து வண்டியில மிச்சமாச்சே?” ஆகியிருக்கலாம். அது பெட்ரோலைத் தானாக நிறுத்தத் தெரியாத கார்புரேட்டர் காலம். “லேசான இறக்கத்தில் நியூட்ரலில் கூடுதல் தூரம் உருளுமே?” உருளும், சரி. கோட்டைவாசல் லேசான இறக்கமா?

பெட்ரோல் 100 ரூபாய்க்குப் போட்டால் அளவு குறைப்பார்கள், 110க்குப் போடு என்பவர்களும் வந்துவிட்டார்கள். அளவில் சந்தேகமென்றால் பெட்ரோல் பங்கில் 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்கும், பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக வருமாம். டேங்க் பூமிக்கடியில் அல்லவா கிடக்கிறது? காலையானாலும் மதியமானாலும் அங்கே சூடு பெரிதாக மாறாது.

பெட்ரோல் போட எல்லை தாண்டி இங்கே வரும் கேரளத்து ஆரியங்காவு நண்பர்களுக்கும் ஒன்று. 2021 ஆகஸ்டில் இங்கே தமிழ்நாட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் அங்கே கேரளத்தில் 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி ஏற்றினார்கள். வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. லிட்டருக்கு 5 ரூபாய் என்றே வைப்போம். 5 லிட்டருக்கு 25 ரூபாய். அதற்காகவே போக வர 30 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற பைக்குக்கூட அரை லிட்டருக்கு மேல் கேட்கும். வேறு வேலையாக வரும்போது போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

டயர் சூடேறுமுன் காற்றுப் பாருங்கள். சிக்னலில் அணையுங்கள். ஐம்பதில் சீராகப் போங்கள். இதையெல்லாம் வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

ஒரு வரியோடு விட்டிருக்கலாமே என்கிறீர்கள். எப்படி விடுவது? 2011-ல் அப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு அதே இறக்கத்தில் நானும் நியூட்ரலில்தான் வந்தேன். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அப்பாதான். எஸ் வளைவில் எதிரே வைக்கோல் லாரி. பிரேக்கை மிதிக்கிறேன், பிடிக்கவில்லை. ஓரத்துச் சுவரில் உரசி விழுந்தோம். அப்பாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. வலது கை. ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றைக்கு மிச்சம் பிடிக்க நினைத்தது எட்டு ரூபாய் இருக்குமா? ஒரு வார்த்தை அவர் என்னைத் திட்டவில்லை. நான்தான் இன்றுவரை அந்த வளைவில் மூன்றாவது கியருக்கு மேல் போனதில்லை.

குழுவில் சிரித்த மற்றவர்களுக்கு இது தெரியாது, போகட்டும். அண்ணாச்சிக்குத் தெரியும். அன்று எங்களைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவருடைய ஆட்டோதான்.