கொம்பனி எடுக்காத நண்டு

போன கிழமை கிளிநொச்சி மாவட்டத்து நாச்சிக்குடாவில், சித்தப்பாவின் வாடியில் (கரையோரத் தொழில் கொட்டிலில்) இருந்தேன். விடியப்புறம் வந்த படகிலிருந்து வலையை இறக்கி நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுமதிக் கொம்பனியின் கூலர் வாகனம் வந்தது. வாங்க வந்தவர் ஒவ்வொரு நண்டாகத் தூக்கிப் பார்த்தார். சின்னன், சினை நண்டு, சதை பிடிக்காதது எல்லாம் ஒரு பக்கம் விழுந்தன. நல்லவை ஐஸுக்குள் போயின. அவற்றின் சதை வெளிநாட்டுக்குப் போகும். அங்கே வாங்குகிறவர்கள் எந்தக் கடல், என்ன வலை, என்ன அளவு என்று விசாரிக்கத் தொடங்கியதால்தான் இங்கே இந்தக் கவனம்.

கழித்த நண்டு கடலுக்குத் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மோட்டார்சைக்கிள் வியாபாரி வந்து பெட்டியோடு அள்ளிக்கொண்டு போனார்.

"சினை நண்டையாவது விடக்கூடாதா, சித்தப்பா?"

"கொம்பனி எடுக்காட்டிச் சந்தை எடுக்கும் பிள்ளை. நான் விட்டால் மண்ணெண்ணெய்க் காசை ஆர் தாறது?"

அவரில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. ஒரு சினை நண்டு இலட்சக்கணக்கில் முட்டை சுமக்கும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஏற்றுமதி செய்கிற நிறுவனங்கள் சூழலையும் தொழிலாளரையும் கூடுதலாகக் கவனிக்கின்றன என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். (முதலே ஒழுங்காக நடக்கிற நிறுவனங்களுக்குத்தான் வெளிநாட்டுச் சந்தை எளிதில் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. 2016 ஜூனில் தடை நீங்குவதற்குள் ஆழ்கடல் போகும் நெடுநாள் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி வந்துவிட்டது. ஆனால் கரையோரக் கடலின் அடியை வாரும் இழுவைமடிக்கு எதிராக எங்கள் சனம் எத்தனை வருசம் கத்தியது! 2017இல் அதைத் தடை செய்து சட்டம் வந்தும் றோலர்கள் என்கிற இழுவைப் படகுகள் இன்னும் வருகின்றன.

கிளிநொச்சியில் காமன்ஸில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் மச்சாளும் இதையேதான் சொல்கிறாள். வாங்குகிற நாட்டிலிருந்து ஆட்கள் வந்தால் நெருப்புக் கதவு திறக்கிறதா, மேலதிக நேரம் எவ்வளவு என்றெல்லாம் பார்க்கிறார்களாம். 2013இல் பங்களாதேஷில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்த பிறகு அந்தப் பார்வை எவ்வளவு தேவை என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் நுண்கடன் கட்டிய பிறகு சம்பளத்தில் என்ன மிஞ்சுகிறது என்று அவளை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கடலட்டையைப் பாருங்கள். அதுவும் ஏற்றுமதிதான், சீனா, ஹொங்கொங் பக்கம் போகிறது. பூநகரிக் கரைகளில் ஆழம் குறைந்த கடலை அடைத்துப் பண்ணை போட்டபோது, தொழில் செய்யும் இடம் போகிறதே என்று கேள்வி எழுப்பியவர்கள் அந்தந்த ஊர் மீனவர்கள்தான். வாங்குகிறவன் கேட்காத இடத்தில் ஏற்றுமதி தானாக எந்த ஒழுங்கையும் கொண்டுவராது.

ஆகவே நண்டு எடுக்கிற கொம்பனிகளிடம் நான் கேட்பது இதுதான். சினை நண்டைக் கழிப்பதோடு நிற்காதீர்கள். உயிரோடு கடலில் விடுகிற தொழிலாளிக்கு அதன் சந்தை விலையையாவது கொடுங்கள். கணக்கைக் கடற்றொழிலாளர் சங்கம் பார்க்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கப்போகிறோம். சித்தப்பா முதல் கையெழுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார். வலைப்பாடு, முழங்காவில் பக்கத்து ஆட்களும் உங்கள் சங்கங்களில் பேசிவிட்டுச் சொல்லுங்கள்.