அப்பா சத்தமாகப் படித்த நாலு எண்கள்

வைகை அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை விட்டு உபரி நீரைத் திறப்பார்கள். தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை கரையோரத்து ஜனங்கள் ஆற்றில் இறங்குவதை நிறுத்திக்கொள்வார்கள். மழைக்காலத்தில் செல்லூரிலோ ஆரப்பாளையத்திலோ டீக்கடையில் நிற்பவரைக் கேளுங்கள், அணையில் இன்று எத்தனை அடி என்று சொல்லிவிடுவார். அதைத் தெரிந்துகொள்ள அவர் எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்கவில்லை. பேப்பரில் ஒரு மூலையில் தினமும் வருகிறது.

எங்களுக்கு மேலூர் பக்கம், கள்ளந்திரிக்குக் கீழே ஒருபோகப் பாசனம். அப்பா எட்டாவது வரைதான் படித்தவர். பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு அந்த மூலைக்குத்தான் போவார். பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. இந்த நாலு எண்களையும் வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பார். நாற்றுப் பாவுவதா, இன்னும் பத்து நாள் பொறுப்பதா, உரத்துக்குக் கடன் சொல்லி வைப்பதா என்பதெல்லாம் அதிலிருந்துதான் முடிவாகும். மாட்டுத்தாவணி மல்லிகை விலையும் அப்படித்தான். காலையில் கிலோ என்ன விலை போனது என்று தெரியாமல் எந்தப் பூக்காரம்மாவும் முழம் போட உட்கார மாட்டார்.

திறந்த தரவு, எல்லோரையும் உள்ளடக்கிய தரவு என்று இப்போது உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அப்பாவின் அந்த நாலு எண்களை வைத்துத்தான் எனக்கு அந்தச் சொற்கள் விளங்கின. ஓர் எண் யாருடைய வாழ்க்கையைப் பற்றியதோ அவர் கைக்கே அது திரும்பி வர வேண்டும். அவருக்குப் புரிகிற மாதிரி வர வேண்டும், அவர் முடிவெடுப்பதற்கு முன்னால் வர வேண்டும். நம் ஊரில் அணைக்கும் பூவுக்கும் இது நடக்கிறது. மற்ற எதற்கும் ஏன் நடக்கவில்லை என்பதுதான் பல வருடங்களாக என்னை உறுத்துகிறது.

2015இல் ஐ.நா. சபையில் உலக நாடுகள் கூடி, 2030க்குள் எட்ட வேண்டியவை என்று 17 வளர்ச்சி இலக்குகளையும் அவற்றுக்குள் 169 குறிக்கோள்களையும் ஏற்றுக்கொண்டன. பசி, குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவம், நிலத்தடி நீர் எல்லாம் அதில் அடக்கம். ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்பது அதன் அடிப்படை வாக்குறுதி. அதில் 17.18 என்ற குறிக்கோள் தரவைப் பற்றியது. வருமானம், பாலினம், வயது, உடல் குறைபாடு, வாழும் இடம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும்படி தரவு கிடைக்க வேண்டும், 2020க்குள் அதற்கான வசதி உருவாக வேண்டும் என்றது. அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. 2025 ஐ.நா. அறிக்கைப்படி, அளந்து பார்க்க முடிந்த குறிக்கோள்களில் 35 சதவீதம்தான் ஓரளவாவது சரியான வேகத்தில் போகின்றன. அளந்து பார்க்க முடிந்தவற்றில் என்பதைக் கவனியுங்கள்.

மத்திய அரசின் நிதி ஆயோக் போடும் வளர்ச்சி இலக்குப் பட்டியலில் 2023-24இல் தமிழ்நாட்டுக்கு நூற்றுக்கு 78 மதிப்பெண். நல்ல மதிப்பெண்தான், எனக்கும் பெருமைதான். ஆனால் என் தெருவுக்கு எவ்வளவு என்று அது சொல்லாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாநகரில் 10,17,865 பேர். அது பழைய எல்லைக்குள் எடுத்த கணக்கு. அதே வருடம் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் எல்லாம் சேர்ந்து 72 வார்டுகள் 100 ஆகின. அடுத்த கணக்கெடுப்பு 2021இல் வந்திருக்க வேண்டும், தள்ளிப்போய் 2027 என்றானது. இத்தனை வருடமாக ஊர் வளர்ந்துகொண்டே இருக்க, திட்டம் போடுபவர்கள் பழைய சட்டையை வைத்தே அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு எடுத்தாலும் எல்லோரும் அதற்குள் வருவார்களா என்பது அடுத்த கவலை. எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். விடியற்காலையில் மொத்தப் பூ வந்து இறங்கும், மதியம் வரை கட்டிக்கொண்டே இருப்பார். ஒருநாள் ஏதோ ஒரு சர்வேக்கு ஒரு தம்பி வந்தார், நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். “என்ன வேலைக்கா பாக்குறீங்க?” என்று கேட்டார். அக்கா நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே, “வேலையெல்லாம் ஒண்ணுமில்லப்பா, வீட்லதான் சும்மா இருக்கேன்” என்றார். அந்தத் தம்பியும் அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கேட்டதிலும் பொய்யில்லை, அக்கா சொன்னதிலும் பொய்யில்லை. ஆனால் ஒரு தொழிலாளி அன்றைக்குக் கணக்கிலிருந்து காணாமல் போனார். நேற்றிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று மணிவாரியாகக் கேட்டிருந்தால் பூ உள்ளே வந்திருக்கும். அப்படிக் கேட்கும் முறையும் நாட்டில் இல்லாமல் இல்லை. 2024இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலி இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. கேள்வியை மாற்றிக் கேட்டதால் வெளியே வந்த எண் அது.

என் சித்தப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. “வீட்ல மாற்றுத்திறனாளி யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டால் சித்தி இல்லை என்றுதான் சொல்வார், வயசாகிவிட்டது அவ்வளவுதான் என்பார். உலக அளவில் வாஷிங்டன் குழு என்ற புள்ளியியல் குழு இதற்கென்றே ஆறு கேள்விகள் உருவாக்கியிருக்கிறது. பார்ப்பதில் சிரமம் உண்டா, கேட்பதில் உண்டா, நடப்பதில், நினைவில் வைப்பதில், தன்னைக் கவனித்துக்கொள்வதில், பேசிப் புரியவைப்பதில் உண்டா. இப்படிக் கேட்டால் சித்தியே சொல்லிவிடுவார். 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 7 வகையாக இருந்த குறைபாடுகளை 21 ஆக விரித்தது. வாசலில் கேட்கிற கேள்வியும் அதற்கேற்ற மாதிரி விரிய வேண்டும் அல்லவா?

அப்புறம் கண்மாய், எங்கள் பக்கத்தில் ஏரியை அப்படித்தான் சொல்வோம். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் சுற்றுவட்டாரக் கண்மாய்களை வரைந்துகொண்டிருக்கிறோம். யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற உலக வரைபடம் அது. வானத்திலிருந்து எடுத்த படத்தில் வறண்ட கண்மாய் வெறும் பொட்டலாகத்தான் தெரியும். தண்ணீர் திறக்கிற மடை எது, உபரி நீர் வழிகிற கலுங்கு எது, வரத்துக்கால்வாய் எந்தப் பக்கம் வந்து எந்தக் கட்டடத்துக்கு அடியில் போனது என்பதெல்லாம் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் பரப்பு இருக்கிறது. நில விவரங்கள் இருக்கிற அ-பதிவேட்டை இணையத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணாகப் பார்க்கலாம். ஊர் மொத்தத்தையும் ஒரே பட்டியலாக எடுக்க வழியில்லை. சாவித் துவாரம் வழியாக ஒரு வீட்டைப் பார்க்கிற மாதிரிதான் அது.

ஒருமுறை தகவல் உரிமைச் சட்டத்தில் ஓர் அலுவலகத்துக்கு எழுதி, எங்கள் பகுதிக் கண்மாய்களின் பட்டியலும் பரப்பும் கேட்டேன். பல வாரம் கழித்துப் பதில் வந்தது. கோணலாக ஸ்கேன் செய்த தாள்கள், பாதி எண்கள் மடிப்பில் மறைந்திருந்தன. மென்பிரதி வேண்டும் என்று திரும்ப எழுதினேன். அனுப்பினார்கள், பழைய எழுத்துருவில். திறந்தால் தமிழே இல்லை, புரியாத குறிகளாக ஓடின. எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டது. நானும் நண்பர்களும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தோம். பொதுமக்கள் வரிப்பணத்தில் ஒருமுறை தட்டச்சு செய்ததை நாங்கள் இரண்டாவது முறை செய்தோம். அந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஒருவரே நாலு பேர் வேலையைப் பார்க்கிற இடம் அது. ஆனால் இந்த நிலைமை மேல் கோபம் இருக்கிறது.

எல்லாவற்றையும் திறந்து போடு என்று நான் கேட்கவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குக் கணக்கு என்றாலே வேறொரு நினைவும் உண்டு. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய ஆங்கிலேயர் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தில் கைரேகை பதியவும் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவும் மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிவேடும் ஒரு தரவுதான். ஊரில் ஒருவரையும் விடாமல் எழுதத்தான் அதையும் கொண்டுவந்தார்கள். கண்காணிக்கவும் கட்டிப்போடவும் எடுத்த கணக்கு அது.

அதனால் ஒரு வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் என்ன சாதி என்பதெல்லாம் பெயரோடு வெளியே வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கண்மாயின் பரப்பு, வார்டு வாரியாகக் குடிநீர் வரும் நாட்கள், சாய்தளம் உள்ள பள்ளிகள், எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவானது, இவையெல்லாம் பொதுச்சொத்து. இவற்றைப் பூட்டி வைக்கக் கூடாது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய விதிவிலக்கை அகலமாக்கிவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, சரி. ஆனால் கண்மாய்க்குள் கட்டடம் எழுப்பியவர் யார் என்று கேட்டால் அது தனிநபர் தகவல் என்று நாளைக்குப் பதில் வருமோ என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

பூக்கட்டும் அக்காவிடம் பேசிவிட்டேன். இனி யார் கணக்கெடுக்க வந்தாலும் “பூக்கட்டுறேன், இத்தனை மணிநேரம்” என்று சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். சித்தியிடமும் பேச வேண்டும். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேலூர் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் நடக்கப் போகிறோம். கையில் போனும், ஊர்ப் பெரியவர் ஒருவரும் போதும். உங்கள் ஊர் மடைகளின் பெயர் சொல்லத் தெரிந்த தாத்தாவோ அப்பத்தாவோ வீட்டில் இருந்தால் முதலில் அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு எனக்கு அனுப்புங்கள், வரைபடத்தில் ஏற்றிவிடலாம்.