பல்லைச் செதுக்கினால் பல் கடிப்பது நிற்காது

ஒருவர், "பற்கள் சரியாகப் பொருந்தாததால்தான் ராத்திரி பல்லைக் கடிக்கிறோம், டென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, உயரமான பல்லைச் செதுக்கினால் சரியாகிவிடும்" என்கிறார். தயவுசெய்து இதை நம்பிப் பல்லைச் செதுக்கிக்கொள்ளாதீர்கள். எனாமல் போனால் போனதுதான், திரும்ப வளராது.

தூக்கத்தில் பல் கடிப்பதைத் தொடங்கிவைப்பது மூளை, பற்கள் அல்ல. தூக்கம் சில நொடிகள் லேசாகக் கலையும், இதயத் துடிப்பு கூடும், அதையொட்டித் தாடைத் தசைகள் இறுகும். பகலில் கடிப்பது வேறு கதை. பதற்றத்தோடு நெருக்கமான தொடர்பு அதற்குத்தான். கவலையில் இருக்கும்போது கன்னத்திலுள்ள மாசெட்டர் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் நம்மை அறியாமலே மணிக்கணக்கில் இறுகிக் கிடக்கும். சாயங்காலம் வரும் பொட்டு வலி, காதோரக் குத்தல், வாயை அகலத் திறக்க முடியாமை எல்லாம் பல பேருக்கு இதனால்தான்.

தாடை ஓய்வாக இருந்தால் மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். உதடு சேரலாம், பல் சேரக் கூடாது. இப்போதே கவனித்துப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நாக்கு நுனியை மேலண்ணத்தில் மெதுவாக வைத்துத் தாடையைத் தளர விடுங்கள்.



அப்புறம், இரவில் போடும் பல் உறை தேய்மானத்திலிருந்து பல்லைக் காக்கும், கடிப்பதை நிறுத்தாது. சில மனச்சோர்வு மருந்துகளாலும் பல் கடிப்பு வரலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கூடவே பலத்த குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.